பெலோன் கங்காணி

ஊதாத பலூனை முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? மேலே முகப்பவுடர் மாதிரி மெல்லிய மாவு பூசியிருக்கும். அதற்கு அடியில் சரியாகக் காயாத ரப்பரின் புளித்த வாடை அடிக்கும். உதட்டில் வைத்தால் அந்த மாவு ஒட்டிக்கொண்டு, நாக்கில் கசப்பா சப்பா என்று சொல்ல முடியாத ஒரு ருசியை விட்டுப் போகும். அந்த ருசி எனக்குத் தெரிய வந்தபோது வயது ஒன்பது. ரப்பரின் மற்ற வாடைகள் எல்லாம் எனக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம். மரத்தில் வடிந்து காய்ந்த ஒட்டுப்பாலின் அழுகல் நாற்றம், புகைக் கொட்டகையில் தொங்கும் ரப்பர்த் தாள்களின் வாடை, எத்தனை சோப்புப் போட்டாலும் அம்மாவின் வேலைச் சேலையை விட்டுப் போகாத பால் வாடை என்று ஒன்று விடாமல் தெரியும். ஏனென்றால் நான் வளர்ந்தது ஜொகூரில், சிம்பாங் ரெங்கத்திலிருந்து உள்ளே ஏழெட்டுக் கல் தள்ளியிருந்த ஒரு வெள்ளைக்காரர் தோட்டத்தில். பலூனின் வாடை மட்டும் எங்களுக்குப் புதிது. எங்கள் மரத்துப் பால் கப்பலேறிச் சீமைக்குப் போய், சிவப்பும் நீலமுமாகச் சாயம் பூசிக்கொண்டு திரும்பி வந்த வாடை அது.

முப்பதுகளின் நடுவில் ஒரு கிறிஸ்துமஸ். அப்போது எங்கள் வீட்டில் நாலு பேர். அப்பா மிக்கேல், அம்மா அந்தோணியம்மா, இருவருக்கும் பால் மரம் வெட்டும் வேலை. நான் ரோசா. எனக்குப் பின் இரண்டு பிள்ளைகள் பிறந்த வாரத்திலேயே போய்விட, அதற்கும் பின்னால் வந்து தங்கியவன் சூசை. அந்த டிசம்பரில் அவனுக்கு இரண்டரை வயது. சூசைக்குச் சொந்தமாக எந்த யோசனையும் கிடையாது. நான் செய்வதுதான் அவன் செய்வது. நான் துப்பினால் துப்புவான், நான் நொண்டியடித்தால் நொண்டுவான், நான் சாமி படத்துக்கு முன் முழங்காலில் நின்று கண்ணை மூடினால் அவனும் மூடி, ஒரு கண்ணை மட்டும் திறந்து நான் இன்னும் மூடியிருக்கிறேனா என்று பார்ப்பான். லயத்தில், நாங்கள் இருந்த கூலி வரிசை வீடுகளில், அவனுக்கு "ரோசா வாலு" என்று பெயர். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது, சில நேரம் எரிச்சலாகவும் இருந்தது. இப்போது எழுதும்போது எரிச்சலாக இருந்ததையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

அந்த வருஷம் எங்கள் துரை சீமையிலிருந்து பெண்சாதியைக் கூட்டி வந்திருந்தார். துரைசானி நல்ல மனுஷிதான். அதை நான் மறைக்கப் போவதில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் விருந்து வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது, சிங்கப்பூரிலிருந்து பெட்டி பெட்டியாகப் பண்டம் வந்தது, பெரிய கிராணி வீடு வீடாக ஆளனுப்பிப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலை சீவி, மேட்டுப் பங்களாவுக்குக் கூட்டி வரச் சொன்னார். பெரிய கிராணி என்றால் ஆபீசில் துரைக்கு அடுத்தபடி இருந்த தலைமைக் குமாஸ்தா. எங்களுக்கு அவர்தான் அரசாங்கம். அன்று மழை. வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டால் ஜொகூரில் வானம் வாரக்கணக்கில் திறந்தே கிடக்கும். ஆகையால் புல்வெளியில் நடக்க வேண்டிய விருந்து துரையின் மோட்டார் வண்டிக் கொட்டகைக்குள் மாறியது. வண்டியை வெளியே மழையில் நிறுத்திவிட்டு, அறுபது எழுபது பிள்ளைகளைச் சிமெண்டுத் தரையில் வரிசையாக உட்கார வைத்தார்கள். தாய்மார்களுக்கு உள்ளே இடமில்லை. அவர்கள் வேலிக்கு வெளியே, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, மழையில் நின்று பார்த்தார்கள்.

பங்களாவின் சீனச் சமையல்காரர் பலூன்களைச் சைக்கிள் பம்பால் ஊதி, நூல் கட்டிக் கட்டிக் கொடுத்தார். மலாய்க்காரப் பிள்ளைகள் "பெலோன், பெலோன்" என்று கத்தவே எங்களுக்கும் அது "பெலோன்" ஆனது. ஆளுக்கு ஒன்று. கொஞ்சம் பெரியவர்களுக்கு ஊதாததையே கொடுத்து நீங்களே ஊதிக்கொள்ளுங்கள் என்றார்கள். கிராமபோன் பாடியது, சர்க்கரை தூவிய கேக்கு வந்தது, டுமீல் டுமீல் என்று பலூன்கள் வெடிக்க ஆரம்பித்தன. சிமெண்டுத் தரையில் சிவப்பும் பச்சையுமாகக் கிழிசல்கள் சிதறின. அவற்றைப் பெருக்க யாருக்கும் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்? அவை எங்களுக்கு இன்னொரு விளையாட்டுச் சாமான்.

அந்த விளையாட்டு இதுதான். கிழிந்த துண்டை உதட்டுக்கு மேல் இழுத்துப் பிடித்து, மூச்சை உள்ளே உறிஞ்ச வேண்டும். ரப்பர் வாய்க்குள் சின்னக் குமிழாகப் புடைக்கும். அதை அப்படியே முறுக்கி வெளியே எடுத்து நெற்றியில் அடித்தால் "டப்" என்று வெடிக்கும். மழைக்காலத்தில் தவளையின் தொண்டை புடைக்குமே, அது மாதிரி இருந்ததால் அதற்கு நாங்கள் அங்கேயே "தவளை" என்று பெயர் வைத்தோம். யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாது, ஆனால் அரை மணி நேரத்துக்குள் அந்தக் கொட்டகையிலேயே பெரிய தவளை விட்டது நான்தான்.

சூசையின் சிவப்புப் பலூன் அப்போதுதான் வெடித்தது. அவன் உதடு பிதுங்கி, அழப் போகிறான் என்று தெரிந்தது. அவன் அழுதால் வேலிக்கு வெளியே நிற்கும் அம்மா என்னைக் கூப்பிடுவாள், நான் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும், நான் திரும்பி வருவதற்குள், வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்த பிஸ்கட்டு டின் என் இடத்தைத் தாண்டிப் போய்விடும். ஆகையால் அவனுடைய சிவப்புத் துண்டையே எடுத்து, "இங்க பாரு சூசை, தவள" என்று ஒன்று விட்டுக் காட்டி, அவன் நெற்றியிலேயே "டப்" என்று அடித்தேன். அவன் சிரித்தான். இன்னொன்று விட்டேன். அதற்கும் சிரித்தான். துண்டை அவன் கையில் கொடுத்துவிட்டு, வரிசையில் பிஸ்கட்டு எங்கே வந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கத் திரும்பினேன்.

திரும்பி எத்தனை நேரம் இருந்தேன் என்று எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. தொண்டையில் ஏதாவது அடைத்தால் பிள்ளை இருமும், அழும், கத்தும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ரப்பர் அப்படி இல்லை. அது ஈரத்தில் ஒட்டிக்கொண்டு மூடி போட்டது மாதிரி மூச்சை மூடிவிடும். அழுவதற்கும் மூச்சு வேண்டுமே. நான் திரும்பியபோது சூசை இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, வாயைத் திறந்து, கண்ணை அகல விரித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். புது விளையாட்டு காட்டுகிறான் என்று நினைத்தேன். ஒரு நொடி நான் சிரிக்கவும் செய்தேன்.

பிறகு நடந்தது எல்லாம் பெரியவர்கள் செய்தது. யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். யாரோ உச்சந்தலையில் ஊதினார்கள். பெரிய கிராணி ஓடி வந்து பார்த்து, "வலிப்பு, வலிப்பு, இரும்பு குடுங்க" என்று சொல்லி ஆபீஸ் சாவிக்கொத்தைச் சூசையின் கைக்குள் வைத்து மூடினார். பிள்ளையைத் தலை கீழே தாழும்படி முன்கையில் கவிழ்த்துப் போட்டு, தோள்பட்டைக்கு நடுவில் ஓங்கித் தட்ட வேண்டும் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியாது. துரைசானிக்கும் தெரியாது, துரைக்கும் தெரியாது. வேலியைத் தாண்டி அம்மா எப்படி உள்ளே வந்தாள் என்று நான் பார்க்கவில்லை. சூசையைத் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்து செம்மண் சேற்றில் வழுக்கி வழுக்கி ஆஸ்பத்திரிக்கு ஓடும் அவள் முதுகைத்தான் பார்த்தேன். சாவிக்கொத்து வழியில் விழுந்தது. கிராணி அதை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

தோட்ட ஆஸ்பத்திரியில் டாக்டர் கிடையாது. மாதம் ஒரு முறை வருவார். மருந்து கலக்குவது, காயம் கட்டுவது, பிள்ளைப்பேறு பார்ப்பது, செத்தவர்களைப் புத்தகத்தில் எழுதுவது எல்லாம் டிரெஸ்ஸர் என்று நாங்கள் அழைத்த உதவியாளர்தான். அதிகம் பேசாத மனிதர். அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார், வெளியே வந்தார், அம்மாவைப் பார்த்துத் தலையை அசைத்தார். மறுநாள் கிறிஸ்துமஸ். குருவானவர் வர முடியாத மழை என்பதால் உபதேசியார் செபம் சொல்ல, என் தம்பியைத் தோட்டத்தின் ஓரத்தில் புதைத்தோம்.

இதுவரை நான் சொன்னது துக்கம். துக்கம் எல்லா வீட்டிலும் உண்டு, அதற்காக நான் எழுத உட்காரவில்லை. இதற்கு மேல் நடந்ததற்காகத்தான் எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் பெரிய கிராணி அம்மாவை ஆபீசுக்குக் கூப்பிட்டு, சாவு விவரத்தை ரெங்கம் போலீசுக்கு அனுப்ப வேண்டும், கைநாட்டு வை என்று ஒரு தாளை நீட்டினார். அம்மா பெருவிரலில் மையும் தொட்டுவிட்டாள். தொட்ட பிறகு, "என்ன எழுதிருக்கு, ஐயா?" என்று கேட்டாள்.

"பேரு, வயசு, எப்படிச் செத்தான். அவ்வளவுதான்."

"எப்படிச் செத்தான்னு எழுதிருக்கு?"

"வலிப்பு."

அம்மா விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அந்த நீலக் கறை அந்தச் சேலை கிழியும் வரை அதிலேயே இருந்தது. "என் பிள்ளைக்கு வலிப்பு வந்ததே இல்லீங்க. அந்தப் பெலோன் ரப்பர்தான் அடைச்சிருக்கு. அத எழுதுங்க" என்றாள்.

கிராணி முதலில் இதமாகத்தான் பேசினார். துரைசானி அன்றிலிருந்து சாப்பிடாமல் படுத்திருக்கிறார், ஆசையாகப் பிள்ளைகளுக்குச் செய்த காரியம், இதை எழுதினால் அவர் மனசு என்ன ஆகும், செத்தவன் எழுந்து வரப் போகிறானா என்றார். அம்மா, "அவங்க மனசு எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா வலிப்பு இல்லீங்க" என்று மட்டும் திருப்பிச் சொன்னாள். கைநாட்டு வைக்காமல் வந்துவிட்டாள்.

அடுத்த நாளிலிருந்து அது ஒரு வேலையாகிவிட்டது. விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போய் ஆள் கணக்குக் கொடுத்து, மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுவை முடிந்ததும் மற்றப் பெண்கள் வீட்டுக்குத் திரும்ப, என் அம்மா பால் வாளியோடு நேரே ஆபீஸ் படிக்கு முன்னால் போய் நிற்பாள். கத்த மாட்டாள், அழ மாட்டாள், யார் வெளியே வந்தாலும், "வலிப்பு இல்லீங்க" என்பாள். மழை பெய்தால் நனைந்துகொண்டு நிற்பாள். மணியடித்து ஆபீஸ் மூடியதும் திரும்புவாள். காவல்காரரை விட்டு விரட்டப் பார்த்தார்கள். அவர் வந்து பக்கத்தில் சும்மா நின்றுவிட்டுப் போனார். வேலைக்காட்டில் எங்களை மேய்த்த கங்காணி அப்பாவைப் பிடித்து, உன் பெண்சாதியை அடக்கு, இல்லாவிட்டால் சதுப்புப் பக்கத்து மரங்களுக்கு உன்னை மாற்றிவிடுவேன் என்றார். சதுப்புப் பக்கம் என்றால் அட்டைக்கடியும் தூரமும்; பால் வேறு குறைவு.

அப்பா சாந்தமான மனிதர். ஒரு சாயங்காலம் அடுப்பங்கரையில் உட்கார்ந்து, "எழுத்து மாறிட்டா நம்ம சூசை வந்திருவானா? விடு, அந்தோணி. நாம கூலிக்காரங்க" என்றார்.

அம்மா மீன் உரசிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "வர மாட்டான். அடுத்த வருசமும் பெலோன் வரும்லா? வலிப்புன்னு எழுதிட்டா அதே மாதிரி கொடுப்பாங்க, இன்னொருத்தி பிள்ள போகும். அவளும் வலிப்புன்னு நினைச்சுக்கிட்டே கெடப்பா" என்றாள்.

அப்பா மறுநாள் கங்காணியிடம், "மாத்திக்கங்க" என்று சொல்லிவிட்டுச் சதுப்புப் பக்கம் போனார்.

இந்த நாட்களில் நான் என்ன செய்தேன் என்றால், அம்மா தோற்றுப் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒளிக்காமல் சொல்கிறேன். செபமாலையை உருட்டி உருட்டி, மாதாவே, வலிப்பு என்றே எழுதிவிடட்டும் என்று கேட்டேன். வலிப்பு என்றால் அது கடவுள் செய்தது. ரப்பர் என்றால் அதை அவன் கையில் கொடுத்தது யார் என்ற கேள்வி வரும். நான் தவளை விட்டுக் காட்டியது யாருக்கும் தெரியாது. அத்தனை பிள்ளைகளின் கூச்சலில் யார் கவனித்திருப்பார்கள்? அம்மா ஒவ்வொரு நாளும் அந்தப் படிக்கு முன்னால் நிற்பது, ஒரு அடி ஒரு அடியாக என்னை நோக்கி வருவது மாதிரி இருந்தது.

அவள் நிற்கத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு, அம்மாவுக்குச் சோற்றுத் தூக்கு எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அன்றைக்கு அவள் தனியாக நிற்கவில்லை. எங்கள் லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வாளிகளோடு பின்னால் நின்றார்கள். சும்மா நின்றார்கள். அந்தச் சும்மா நிற்பதுதான் ஆபீசுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, துரையே வெளியே வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் கிராணி. அவருக்கும் பின்னால், ஏதோ தாளில் கையெழுத்து வாங்க வந்திருந்த டிரெஸ்ஸர்.

துரைகள் எல்லோரும் கொஞ்சம் தமிழ் படித்திருப்பார்கள். ஏவுவதற்கு வேண்டிய தமிழ். "என்ன வேணும், பொம்பள?" என்றார்.

கிராணி முந்திக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சொல்லும்போது விரலைத் தன் நெற்றிப் பக்கம் சுழற்றினார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, விரல் தெரியும்.

"எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு, தொரை" என்றாள். "எனக்கு ஒண்ணும் வேணாம். என் பிள்ள ரப்பர் அடைச்சுச் செத்தான். அத அப்படியே எழுதணும். அது போதும்."

துரை படியில் ஒரு அடி இறங்கினார். "யார் பாத்தது? வாய்ல ரப்பர் போட்டது, யார் பாத்தது?"

அம்மா பின்னால் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வேலிக்கு வெளியே நின்றவள், பார்க்கவில்லை. கிராணியின் முகம் தெளிந்தது. பன்னிரண்டு நாள் நின்ற அம்மா அந்த ஒரு கேள்வியில் தோற்கப் போகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. நான் வேண்டிக்கொண்டது நடக்கப் போகிறது. அவள் வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். பால் இல்லாத வெறும் வாளி அது.

"நான் பாத்தேன்" என்றேன். என் குரல்தான் என்று எனக்கே தெரியவில்லை. "நான்தான் குடுத்தேன். தவள விட்டுக் காட்டிட்டு அவன் கைல குடுத்தேன். அவன் அழக் கூடாதுன்னு குடுத்தேன்."

துரைக்குப் புரியவில்லை. கிராணிக்குப் புரிந்தது. அவர் குனிந்து, என் முகத்துக்கு நேரே, "அப்ப அக்காக்காரிதான் கொன்னான்னு எழுதிரலாமா? அத எழுதவா?" என்றார்.

என் தோளில் ஒரு கை விழுந்தது. அம்மா என்னைத் தனக்குப் பின்னால் இழுத்துவிட்டுத் தான் முன்னால் வந்தாள். பன்னிரண்டு நாளில் முதல் முறையாக அவள் குரல் உயர்ந்தது. "எம் மகளச் சொல்லாதீங்க! ஒம்பது வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும்? ஒங்களுக்குத் தெரிஞ்சுதா? தொரைக்குத் தெரிஞ்சுதா? எனக்குத் தெரிஞ்சுதா? அத்தன பெரியவங்க நின்னோம், சாவியக் கைல வச்சுக்கிட்டு நின்னோம். தெரியலன்னுதானே எழுதச் சொல்றேன்! எழுதி வச்சாத்தானே அடுத்தவளுக்குத் தெரியும்!"

அப்போது டிரெஸ்ஸர் முன்னால் வந்தார். கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு, மருந்துச் சீசா ஒன்றை, சுண்டுவிரல் அளவு சீசா, எடுத்துத் துரையின் உள்ளங்கையில் வைத்தார். ஸ்பிரிட்டுக்குள் ஒரு சிவப்புத் துண்டு சுருண்டு கிடந்தது. "அன்னைக்கே இடுக்கி வச்சு எடுத்தது, தொரை" என்று தமிழிலேயே சொன்னார்; எங்களுக்கும் கேட்க வேண்டும் என்றுதான் தமிழில் சொன்னார் என்று நினைக்கிறேன். "தொண்டையில இருந்து. கிராணி வேற மாதிரி எழுதச் சொன்னாரு. நானும் எழுதிட்டேன். இதத் தூக்கிப் போட மட்டும் கை வரல."

துரை சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கழுத்து வரை சிவந்துபோனார். கிராணியிடம் இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார், டிரெஸ்ஸரிடம் "எழுது" என்றார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டிரெஸ்ஸர் அங்கேயே படியில் உட்கார்ந்து எழுதினார். எழுதியதை இங்கிலீஷில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் படித்துக் காட்டினார். வெடித்த பலூனின் துண்டு தொண்டையை அடைத்து மூச்சு நின்றது. அம்மா மையைத் தொட்டு, விரலை அழுத்தி வைத்தாள். அழுத்தி வைத்தவள் எடுக்கவே இல்லை, டிரெஸ்ஸர் "போதும்மா" என்று சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். கால்வாய்ப் பலகையைத் தாண்டியதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "பன்னெண்டு நாளா ஏன்டி சொல்லல? என்னை ஒத்தையா நிக்க விட்டுட்டியே!" என்றாள். அந்த ஒரு அடிதான். தவளை விட்டதற்கு அவள் என்னை அன்றும் அடிக்கவில்லை, சாகும் வரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து, நான் கொண்டுபோன சோற்றை இரண்டு பேரும் ஒரே தூக்கில் சாப்பிட்டோம். சூசை போன பிறகு அவள் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

அடுத்த கிறிஸ்துமஸ் வந்தது. பலூனும் வந்தது. எழுதி வைத்தால் எல்லாம் மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனியுங்கள். புத்தகத்தில் எழுதியது புத்தகத்தில்தான் இருந்தது, சிங்கப்பூர்க் கடைக்காரன் பெட்டியில் பலூனை வைத்துத்தான் அனுப்பினான். அம்மா அன்று வேலிக்கு வெளியே நிற்கவில்லை. வேலைச் சேலையோடு, பால் வாளியோடு, கூப்பிடாமலே கொட்டகைக்குள் போனாள். ஒரு பலூன் வெடித்தால் கிழிசல் தரையில் விழுவதற்குள் அவள் கை அங்கே இருக்கும். துண்டு வாளிக்குள் போகும். ஊதாத பலூனைச் சின்னப் பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்கினாள். கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கும் வயசுப் பிள்ளைகளிடமிருந்து ஊதிய பலூனையும் பிடுங்கினாள். பிள்ளைகள் அலறின. சில தாய்மார்களே அவளைத் திட்டினார்கள், தன் பிள்ளை போனால் ஊர்ப் பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கக் கூடாதா என்று. கிராணி, "துரைசானி கோவிச்சுக்குவாங்க" என்றார். "கோவிச்சுக்கட்டும்" என்றாள் அம்மா.

துரைசானியே வந்து முன்னால் நின்றார். அவருக்குத் தமிழ் வராது, அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. கடைத்தெரு மலாய் இருவருக்கும் கொஞ்சம் வரும். அம்மா ஒரு கைக்குழந்தையைக் காட்டி, "புடாக் கெச்சில். பெலோன் தா போலே" என்றாள், சின்னப் பிள்ளைக்குப் பலூன் கூடாது. சொல்லிவிட்டுத் தன் தொண்டையைத் தானே பிடித்துக் காட்டினாள். துரைசானி முட்டி போட்டுக் குனிந்து, அந்தச் சீமைக் கவுனோடு, தரையில் கிடந்த ஒரு பச்சைத் துண்டைப் பொறுக்கி, அம்மாவின் வாளிக்குள் போட்டார். அதற்கடுத்த வருஷத்திலிருந்து பலூன்களைக் கைக்குக் கொடுக்காமல் கொட்டகையின் உத்தரத்தில் எட்டாத உயரத்தில் கட்டினார்கள். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தே சந்தோஷப்பட்டன. லயத்தில் அம்மாவுக்கு "பெலோன் கங்காணி" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கேலிக்குத்தான் வைத்தார்கள். அவள் அந்தப் பெயரால் யார் கூப்பிட்டாலும், "என்னா?" என்று நின்று பதில் சொன்னாள். ஜப்பான்காரன் வரும் வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் வாளியோடு போனாள். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் மரங்களை வேரோடு தோண்டிவிட்டு எண்ணெய்ப் பனை வைத்துவிட்டார்கள். லயம் இருந்த இடம் எது, தம்பியைப் புதைத்த இடம் எது என்று போன முறை போனபோது என்னால் சொல்ல முடியவில்லை. பங்களாவை யுத்தத்தில் யார் எரித்தார்கள் என்று இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரிப் புத்தகங்களும் ரெங்கம் போலீசுக்குப் போன தாளும் அந்த யுத்தத்தோடு போயின. என் அம்மா பன்னிரண்டு நாள் நின்று வாங்கிய அந்த ஒரு வரி இப்போது எந்தத் தாளிலும் இல்லை. இதைப் படிக்கும் உங்களுக்கு இப்போது தெரியும், அவ்வளவுதான்.

போன மாதம் ஜொகூர் பாருவில், அண்டை வீட்டுப் பிள்ளைக்கு முதல் பிறந்தநாள். வாசலிலிருந்து கூடம் வரைக்கும் பலூன். பிறந்தநாள்காரி தரையில் தவழ்ந்துகொண்டே வெடித்த துண்டு ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். நான் விரலை விட்டு எடுத்தேன், பிள்ளை வீறிட்டது, பிறகு குனிந்து தரையில் கிடந்த மற்றத் துண்டுகளையும் பொறுக்க ஆரம்பித்தேன். அவளுடைய தாய், நல்ல பெண், சிங்கப்பூரில் வேலை, ஓடி வந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு, "என்ன ஆன்ட்டி நீங்க, இன்னிக்கு ஒரு நாள்தானேலா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

"பாக்கட்டும்மா" என்றேன்.

இப்படி என்னை விருந்துக்குக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்ட வீடுகள் இந்தத் தெருவில் மட்டும் மூன்று. எனக்கு வருத்தமில்லை. கூப்பிடாத வீட்டுக்கும் போவேன். பாட்டுச் சத்தம் கேட்டால் செருப்பைப் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுவேன். முழங்கால் வலி இருக்கிறது, குனிந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் தரையைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன்.